இருநூற்று எண்பத்து மூன்று நலம்

கொழும்பு,
06.02.2005

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி இந்திரகுமார் எழுதுவது. நான் இங்கு நலம். நீங்களும் மச்சானும் பிள்ளைகளும் நலமா? அம்மா எப்படி இருக்கிறார்? பொங்கலுக்கு வரவில்லை என்று இன்னும் கோபமா?

ஒரு நல்ல செய்தி. நம் றப்பரை வாங்கிக் கையுறை செய்கிற ஜெர்மன்காரர்கள், மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கம்பனியைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதனால் தலைமை அலுவலகத்தில் 'தொழிலாளர் நலவாழ்வுத் திட்டம்' ஒன்றைப் போட்டிருக்கிறோம். முதல் தோட்டம் நம் நில்தோவதான். தமிழ் வேலை முழுவதும் என் கையில்.

முதலில் ஒரு படிவம் வரும். அதில் ஒரே கேள்விதான், ஆங்கிலத்தில் ஆறு வரி நீளம். தோட்டத்து ஆட்களுக்கு அது எப்படி விளங்கும்? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு உங்கள் பழைய கடிதம் ஒன்று கண்ணில் பட்டது. அதிலிருந்தே எடுத்துவிட்டேன்: 'நீங்கள் நலமா?' ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஆறு வரியை இரண்டு சொல்லில் முடித்தாயே என்று மேலதிகாரி கைகொடுத்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவை.

எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நீங்கள்தான் வாசித்து நிரப்பிக் கொடுக்க வேண்டும். பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவர், எல்லோருக்கும் தெரிந்தவர் என்று உங்கள் பெயரை நான்தான் கொடுத்தேன்.

அன்புடன்,
இந்திரன்


நில்தோவ தோட்டம், கீழ்ப்பிரிவு,
யட்டியாந்தோட்டை,
27.02.2005

அன்புத் தம்பி இந்திரனுக்கு,

அக்கா மல்லிகா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் படிவம் வந்தது. மூன்று நாள் பிள்ளைக் காம்பரா வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தேன். தொட்டிலில் பிள்ளைகள் ஒரு பக்கம் அழ, மறுபக்கம் நான் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்க, ஒரே கூத்து. பாதிப் பேர் "நல்லா இருக்கேன், நீ நல்லா இருக்கியா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். தோட்டத்துத் துரையும் நலமா என்று எழுதச் சொன்னவர்களும் உண்டு. கட்டத்தில் இடமில்லாததால் துரை தப்பித்தார்.

தாளில் உன் பெயர் இல்லாவிட்டாலும், என் மகன் எழுதின கேள்வி என்று அம்மா லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டாள். உனக்காகவே எல்லோரும் வந்தார்கள்.

அம்மாவுக்கு ஒரு சோடிச் செருப்பு அனுப்பு. பழைய அளவு வேண்டாம், இரண்டு அளவு பெரிதாக இருக்கட்டும். வயசு போனால் கால் பரக்குமாம். டொபியும் மஸ்கட்டும் இனி அனுப்பாதே. பல் வலிக்கிறது என்கிறாள்.

அன்பு அக்கா,
மல்லிகா


கொழும்பு,
15.03.2005

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். செருப்பு நேற்று தபாலில் போட்டேன்.

இருநூற்று எண்பத்தாறு படிவத்தில் இருநூற்று எண்பத்து மூன்றில் 'நலம்'! இங்கே யாரும் நம்பவில்லை. எந்தத் தோட்டத்திலும் இப்படி வராது என்று கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினார்கள். என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள், அக்கா. அந்த மாடியில் நான் ஒருவன்தான் தமிழன். பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லமாட்டார்கள். அன்றைக்குக் கைதட்டினார்கள்.

அடுத்ததாக உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒருவரும், விளம்பரத்துக்குப் படம் எடுக்க ஒருவரும் வருவார்கள். சிரித்த முகமாக நாலைந்து பேரைத் தேடி வையுங்கள். 'நலமில்லை' என்ற அந்த மூன்று பேர் யார்?

அன்புடன்,
இந்திரன்


நில்தோவ தோட்டம்,
03.04.2005

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். அம்மாவும் நலம். செருப்பு கிடைத்தது, அளவு சரி.

உன் உடற்பயிற்சிக்காரரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கிற சனத்தை வரிசையாக நிறுத்தினார். வெள்ளைச் சப்பாத்து, கழுத்தில் விசில். "அத் தெக்க உஸ்ஸன்ன, நங்கிலா" என்று சிங்களத்தில் இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். நாங்களும் தூக்கினோம். இருநூற்றைம்பது மரத்தில் பால் வெட்டி, வாளியைச் சுமந்து மலை இறங்குகிற பொம்பளைகளுக்கு உடம்பு அசையவில்லையாம். இருபது நிமிஷம் அதில் போனது. அன்றைக்குப் பால் குறைந்ததற்கு ஏச்சு வாங்கினதும் நாங்கள்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அந்த மூன்று பேரைக் கேட்டாயே. ஒருவர் காது மந்தமான ஐயாவு. நான் பால் கத்தியைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்து, "மழுங்கிப் போச்சு, வேற குடுங்க" என்றார். 'இல்லை'யில் புள்ளடி போட்டேன். மற்ற இருவர் எழுதத் தெரிந்தவர்கள், கட்டம் மாறிப் போட்டிருக்கிறார்கள்.

படம் எடுக்க வந்தவர் அம்மாவைத்தான் பிடித்துக்கொண்டார். கல்லில் உட்கார வைத்து நிறையப் படம் எடுத்தார். பால் வாளியைக் காலுக்கு முன்னால் வைத்தது அம்மாவின் யோசனை.

ஒரு விஷயம். நம் டிஸ்பென்சர் ஸம்சுதீன் ஐயாவிடம் மருந்துப் புத்தகத்தை ஆபிஸில் வாங்கிக்கொண்டு போனார்களாம். முப்பது வருஷமாகக் கேட்காத புத்தகம். உனக்கு ஏதாவது தெரியுமா? விசாரித்து எழுது.

அன்பு அக்கா,
மல்லிகா


கொழும்பு,
28.04.2005

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். எல்லோருக்கும் புதுவருஷ வாழ்த்து. அவசரமாக எழுதுகிறேன்.

விளம்பரத்துக்கு எந்தப் படத்தைத் தெரிந்தெடுத்தார்கள் தெரியுமா? நம் அம்மாவை! நாற்பது படம் மேசையில் பரப்பிக் கிடந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, மேலதிகாரியே விரலை வைத்தார். அது என் தாய் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. கீழே போட்ட வாசகம் என்னுடையது: 'நாங்கள் நலம்!' அச்சுக்குப் போய்விட்டது. வந்ததும் அம்மாவிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
இந்திரன்


நில்தோவ தோட்டம்,
22.05.2005

தம்பி இந்திரனுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

டிஸ்பென்சரியை மூடிவிட்டார்கள். போன திங்கட்கிழமை பெரட்டில் துரை கடிதத்தை வாசித்தார். தொழிலாளர்களே தங்கள் வாயால் நலம் என்று அறிவித்திருப்பதால், இந்தத் தோட்டத்துக்குத் தனியாக மருந்துக் காம்பரா தேவையில்லையாம். மிச்சமாவதை நலவாழ்வுத் திட்டத்தில் போடப் போகிறார்களாம். ஸம்சுதீன் ஐயாவை நிவித்திகலப் பக்கம் வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். போகிற அன்று அந்த மனுசன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே புள்ள, தெனம் அறுபது பேருக்கு மருந்து குடுக்கிறவன் நான்" என்று சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை. நூற்று முப்பது படிவம் நான் என் கையால் நிரப்பினது.

யாரப்பா கேட்கச் சொன்னது அந்தக் கேள்வியை? நலமா என்று கேட்டால் மனுசர் என்ன சொல்வார்கள்? செத்த வீட்டிலிருந்து வருகிறவனைக் கேட்டாலும் நல்லா இருக்கேன் என்றுதானே சொல்வான்? உனக்குத் தெரியாதா? நீ லயத்தில் பிறந்தவன்தானே? கொழும்பில் மூன்று வருஷம் இருந்ததும் நம் சனம் பேசுகிற விதம் மறந்துவிட்டதா? மரியாதைக்குச் சொன்ன வார்த்தையைச் சாட்சியாக வைத்து மருந்தைப் பறித்துவிட்டார்கள். வயிறு எரிகிறது எனக்கு.

இன்னொன்றும் கேள். உன் விளம்பரமும் அதே கிழமை வந்தது. அதை எங்கே ஒட்டினார்கள் தெரியுமா? பூட்டின டிஸ்பென்சரிக் கதவில். இரண்டு கதவையும் சேர்த்து, பெரிதாக. அம்மா சிரிக்கிறாள், கீழே 'நாங்கள் நலம்!' என்று உன் எழுத்து. மருந்துக்கு வருகிற சனம் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது.

ஆபிஸ் போனில் பேசினால் கிளாக்கர் காது கொடுத்துக் கேட்பார். கடிதத்தில் பதில் போடு.

அக்கா மல்லிகா


நில்தோவ தோட்டம்,
19.06.2005

தம்பிக்கு,

நீ நலமா? மச்சானும் பிள்ளைகளும் நலம்.

நாலு கிழமையாகப் பதில் இல்லை. கோபம் என்றால் கோபம் என்றாவது ஒரு வரி எழுது. பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பெயரும் சம்பளமும் போச்சு. இங்கே சனம் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வைத்துத்தான் சமாளிக்கிறது. உன் மேலதிகாரியிடம் சொன்னாயா?

மல்லிகா


கொழும்பு,
10.07.2005

அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுத வேண்டுமாதலால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. நான் துரையா, டிரெக்டரா? சொன்னதைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறவன். இருநூற்று எண்பத்து மூன்று பேர் பொய் சொன்னதற்கு நான் ஒருவன் பொறுப்பா? வருத்தம் இருந்தால் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாமே. உங்களுக்காவது விளங்கியிருக்க வேண்டாமா? நிரப்பிக் கொடுத்தது நீங்கள்தானே? ஒரு வார்த்தை அப்போது எழுதினீர்களா?

இங்கே வாயைத் திறந்தால் அடுத்த நாள் இன்னொருவன் என் கதிரையில் இருப்பான். பொலிஸ் ஸ்டேஷனில் பதிவு, வீட்டுக்காரருக்குப் பதில், எல்லாவற்றுக்கும் இந்த வேலைக் கடிதம்தான் துணை. அது உங்களுக்குத் தெரியாது.

அது போகட்டும். எல்லாக் கடிதத்திலும் அம்மா நலம் என்று எழுதுவீர்கள். கடைசி இரண்டிலும் அந்த வரி இல்லை. ஏன்?

இந்திரன்


நில்தோவ தோட்டம்,
17.07.2005

தம்பிக்கு,

நலமில்லை.

இப்படித் தொடங்கி நான் யாருக்கும் கடிதம் எழுதினதில்லை.

தை மாதம் வெட்டும்போது பால் கத்தி தவறி அம்மாவின் வலது காலில் பட்டது. சின்னக் காயம்தான். ஆறவில்லை. ஸம்சுதீன் ஐயா பார்த்துவிட்டு, சீனி வருத்தம் இருக்கிறது என்று சொன்னார். தினமும் பெரட்டு முடிந்ததும் கழுவி மருந்து கட்டிவிடுவார். அந்தக் கட்டுக்காகத்தான் பெரிய செருப்பு. அதனால்தான் டொபி வேண்டாம் என்றது. படத்தில் வாளியை முன்னால் வைத்ததும் அதற்குத்தான். "அவன் தனியா கெடக்கான், நல்லா இருக்கோம்னே எழுது" என்று அம்மா சொல்வாள், நான் எழுதுவேன்.

அம்மாவின் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு என் முன்னால் இருந்து, "நல்லா இருக்கேன்னு போடு, புள்ள கேட்டிருக்கான்" என்றாள். போட்டேன். நீ கேட்டது சரிதான். நானும் பொய் எழுதினவள். அதை மறைக்கவில்லை. ஆனால் எங்கள் பொய்யில் யாருக்கும் மருந்து நிற்கவில்லை, தம்பி. உங்கள் ஆபிஸ் அதை எடுத்துக்கொண்டு போய்க் கணக்குப் பார்த்ததே, அதில்தான் நின்றது.

டிஸ்பென்சரி மூடின பிறகு மஞ்சள் வைத்துக் கட்டினோம். போன செவ்வாய்க்கிழமை விரல் கறுத்துக் காய்ச்சலும் வந்துவிட்டது. லொறியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். இனி மலையில் நின்று பால் வெட்ட முடியாது.

இத்துடன் நான் எழுதின கொப்பி ஒன்று அனுப்புகிறேன். நான் திரும்பவும் வீடு வீடாகப் போனேன். இந்தத் தடவை நலமா என்று கேட்கவில்லை. "எங்க வலிக்குது?" என்று கேட்டேன். கொப்பியில் தாள் போதவில்லை. இடுப்பு, முழங்கால், அசிட் பட்டு வெந்த கை, நெஞ்சு, நாலு வருஷமாக நிற்காத இருமல். 'ஒன்றுமில்லை' என்று சொன்னவர்கள் பதினொரு பேர். ஐயாவுகூட இந்தத் தடவை சரியாகப் பதில் சொன்னார், காது என்று.

மல்லிகா


கொழும்பு,
09.08.2005

அக்காவுக்கு,

ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று உங்களிடம் ஒன்றும் பேச முடியவில்லை. எழுதுகிறேன்.

வார்டில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து எப்படி இருக்கீங்க என்று கேட்டேன். விரல் எடுத்து ஒரு கிழமைக்கு மேல். சேலைன் ஏறிக்கொண்டிருக்கிறது. "நல்லா இருக்கேன் சாமி, நீ சாப்ட்டியா?" என்றாள். எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எழும்பி வெளியே போய் நின்றேன்.

அந்த ஆறு வரியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லவில்லை. கடந்த ஆறு மாதத்தில் உங்களுக்கு ஏற்பட்ட காயம் என்ன, வலி எங்கே, யார் மருந்து தந்தது, இன்னும் என்ன தேவை: இதுதான் அதில் இருந்தது. நான்தான் அழகாக இருக்கட்டும் என்று சுருக்கினேன். கைகொடுத்தது அதற்குத்தான்.

கொப்பியை மேலதிகாரியிடம் கொடுத்தேன். இரண்டு தாள் புரட்டிவிட்டு மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். படிவம் ஏற்கெனவே ஜெர்மனிக்குப் போய்விட்டதாம்.

25ஆம் திகதி அந்தக் கையுறைக் கம்பனியிலிருந்து ஒரு ஜெர்மன் அம்மா தோட்டத்துக்கு வருகிறார். மொழிபெயர்க்க நான் வருகிறேன். பெரட்டுக் களத்துக்கு எல்லோரும் வரட்டும். அம்மாவை முன்வரிசையில் உட்கார வையுங்கள். யாரும் எதையும் கேட்டுச் சண்டை போட வேண்டாம். நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

இந்திரன்


நில்தோவ தோட்டம்,
04.09.2005

அன்புத் தம்பி இந்திரனுக்கு,

உன் உடம்பு எப்படி? அன்றைக்கு வேனில் ஏறும்போது உன் முகம் சரியில்லை.

ஸம்சுதீன் ஐயா வந்துவிட்டார்! கிழமையில் மூன்று நாள்தான். என்றாலும் வந்துவிட்டார். கதவைத் திறக்கும்போது விளம்பரம் நடுவில் கிழிந்தது. முகம் இருந்த பாதியை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். எழுத்து இருக்கிற பாதி கதவிலேயே ஒட்டிக்கிடக்கிறது.

இவர் சொல்லித்தான் கதவு திறந்தது என்று அந்த வெள்ளைக்கார அம்மாவை எல்லோரும் வாழ்த்துகிறார்கள். ஏழு கடல் தாண்டி இருக்கிறவருக்கு எப்படித் தம்பி அந்தக் கேள்வி வந்தது? எங்கிருந்தோ வந்து, சாக்கில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முன்னால் குனிந்து, என்னவோ சொன்னார். நீ அதைத் தமிழில் கேட்டாய்: "ஒங்களுக்கு எங்க வலிக்குது?" அம்மா அவரைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தாள். பிறகுதான் சொன்னாள், "கால்லதான் சாமி. வெரலு மூணு போச்சு. மருந்து கட்ட ஆளில்லாம போச்சு" என்று. எனக்குத் தெரிந்து அந்த வாயிலிருந்து வலிக்கிறது என்ற சொல் வந்தது அன்றைக்குத்தான். பிறகு யாரை நிறுத்த முடிந்தது? ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டதை எல்லோரும் பார்த்தோம். பூட்டின கதவு வரைக்கும் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு, திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

துரையின் முகம் ஒரு மாதிரிப் போனது. ஒவ்வொரு தடவை நீ கேட்கும்போதும் அவர் உன்னையே முறைத்துக்கொண்டிருந்தார். வெட்கமாக்கும் என்று நினைத்தேன்.

அந்த அம்மாவுக்கு எங்கள் நன்றியை எழுதிப் போடு. உன் ஆபிஸில் அத்தனை பேர் இருந்தும் ஒருவருக்கும் வராத கேள்வி.

அன்பு அக்கா,
மல்லிகா


கொழும்பு,
20.09.2005

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமில்லை. வேலை போய்விட்டது. அதைச் சொல்ல எப்படித் தொடங்குவது என்று பத்து நாள் யோசித்தேன். பிறகு உங்கள் கடிதத்தை எடுத்துப் பார்த்து, அதேபோல் தொடங்கிவிட்டேன்.

அந்த ஜெர்மன் அம்மா கேட்டது அது இல்லை, அக்கா. நல்ல மனுசிதான், மரியாதைக்குக் குனிந்து, நலமாக இருக்கிறீர்களா என்றுதான் கேட்டார். எல்லோரிடமும் அதையேதான் கேட்டார். ஒவ்வொரு தடவையும் நான்தான் மாற்றினேன். அவருக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. களத்தில் இரண்டும் தெரிந்தவர் துரை ஒருவர்தான். அதனால்தான் முறைத்தார். விருந்தாளிக்கு முன்னால் வாய் திறக்க முடியவில்லை. அந்த அம்மா போனதும் துரை கொழும்புக்கு எழுதிவிட்டார்.

வேலையிலிருந்து நிறுத்தின கடிதத்தில் காரணம் போட்டிருக்கிறார்கள்: 'மொழிபெயர்ப்பில் பாரதூரமான பிழை.' வாசித்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. மாசி மாதம் ஆறு வரியை இரண்டு சொல்லாக்கிக் கொடுத்தபோது கைகொடுத்து, பிறகு என்னை நிற்கவைத்துக் கைதட்டினவர்கள். அதை ஒருவரும் பிழை என்று சொல்லவில்லை. நிறுத்தின கடிதத்தை இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், வந்து காட்டுகிறேன்.

வெள்ளிக்கிழமை பின்னேர பஸ்ஸில் வருகிறேன். அம்மாவிடம் நலமா என்று கேட்கமாட்டேன். எங்கே வலிக்கிறது என்று கேட்பேன். சரியான பதில் சொல்லச் சொல்லி வையுங்கள்.

தம்பி,
இந்திரன்